பத்தொன்பது நிமிட விளையாட்டு: ஒரே தீம் பார்க்குக்கு இரண்டு முறை போன ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

முதல் முறை தீம் பார்க் போய் வந்த மறுநாள், கைபேசியில் இருந்த படங்களை நேர வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் பதிவாகியிருந்தது. நாள் முழுக்க "எங்கே இருக்கீங்க?" என்று ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகளிலும் நேரம் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என் ஒன்பது வயது மகளின் நாளை ஒரு தாளில் எழுதினேன். பூங்காவுக்குள் அவள் இருந்தது 465 நிமிடம். அதில் ரைடுகளில் உட்கார்ந்திருந்தது 19 நிமிடம்.

அந்த எண்ணைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. இரண்டு வாரமாக அந்த நாளுக்காகக் காத்திருந்த குழந்தை அவள். எட்டு மாதம் கழித்து அதே எட்டுப் பேர் அதே பூங்காவுக்கு மறுபடியும் போனோம். இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த எழுத்து. பெரிய குடும்பமாகக் கிளம்புகிறவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன். ஏனென்றால் எங்களுக்கு நடந்தது எதுவும் அபூர்வமானதல்ல.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான், கணவர், மகள், நாலரை வயது மகன். என் அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலியும் ரத்த அழுத்தமும் உண்டு. அக்காவுக்குக் கழுத்து எலும்பில் தேய்மானம். அத்தான். அவர்களுடைய 14 வயது மகன். எட்டுப் பேரில் முழுசாக எல்லா ரைடிலும் ஏறக்கூடியவர்கள் மூன்று பேர்தான். இந்த ஒரு விஷயத்தை முதல் முறை கிளம்பும் முன் நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

முதல் நாள்

விடுமுறை நாள். பூங்கா திறப்பது பத்து மணிக்கு, நாங்கள் உள்ளே நுழைந்தது 11.20-க்கு. நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று சொன்னது நான்தான். எங்களைப் போலவே நினைத்த அத்தனை குடும்பங்களும் அதே நேரத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்தன.

உள்ளே போனதும் வாசலுக்குப் பக்கத்திலேயே நின்று பேச ஆரம்பித்தோம். அக்கா மகன் பெரிய ரோலர் கோஸ்டரைக் காட்டினான். மகள் ஊஞ்சல் போல ஆடும் கொலம்பஸ் கப்பல் வேண்டும் என்றாள். சின்னவன் எது கண்ணில் பட்டதோ அதையெல்லாம் கேட்டான். எல்லாரும் ஒன்றாகவே இருக்கலாம் என்று முடிவு செய்தோம். அன்றைய நாளை அதிகம் கெடுத்தது அந்த முடிவுதான் என்பது என் எண்ணம். எட்டுப் பேர் ஒன்றாக இருந்தால், இருவர் ஏறும்போது ஆறு பேர் நிற்பார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கணவரும் மகனும் சிறுவர்களுக்கான ஒரு கோஸ்டருக்கு வரிசையில் நின்றார்கள். ஐம்பது நிமிடம் வெயிலில் நின்று மேலே ஏறும் மேடைக்குப் போன பிறகு, அங்கிருந்த பணியாளர் மகனை அளவுக் கம்பத்தின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். குறைந்தபட்ச உயரம் 107 சென்டிமீட்டர். அவன் 102. வரிசை தொடங்கும் இடத்திலும் அதே கம்பம் இருந்திருக்கிறது. கூட்டம் மறைத்துக்கொண்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. படியிறங்கி வரும்போது அவன் அழுத அழுகை இப்போதும் காதில் இருக்கிறது. "நான் சின்னவன்னு ஏன்ப்பா முன்னாடியே சொல்லல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

மதியம் ஒன்றரைக்குச் சாப்பாடு. அந்த நேரத்தில் பூங்காவில் இருந்த எல்லாருக்கும் அதுதான் சாப்பாட்டு நேரம். மேசை கிடைக்கவே நெடுநேரம் ஆனது. சாப்பிட்ட கையோடு மகளும் அக்கா மகனும் சுழலும் கோப்பை ரைடில் ஏறினார்கள். இறங்கியதும் மகள் வாந்தி எடுத்தாள். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் அவள் எதிலும் ஏறவில்லை.

மூன்றரைக்கு அக்கா மகன் தனியாகப் பெரிய கோஸ்டருக்குப் போய்விட்டான். அவன் கைபேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அவனைத் தேடி அத்தான் ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம். இதே சமயத்தில் அக்கா டேஷிங் காரில் ஏறப்போய், உட்கார்ந்த பிறகு எதிரில் இருந்த எச்சரிக்கைப் பலகையைப் பார்த்து இறங்கினாள். கழுத்து, முதுகு பிரச்சினை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. டேஷிங் கார் தரையிலேயே ஓடுகிறது, சாதுவான ரைடு என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். ஆனால் எதிர்பாராத நேரத்தில் பின்னாலிருந்து வந்து இடிக்கும்போது கழுத்துதான் சட்டென்று வெட்டி இழுக்கப்படும். மெதுவாகச் சுற்றும் ஜயன்ட் வீல், பார்க்கப் பயமாக இருந்தாலும், அவளுக்கு அதைவிட நல்லது.

வெளியே வந்தது இரவு 7.05. வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று யாருக்கும் நினைவில்லை. இருட்டில், தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வரிசை வரிசையாகத் தேடினோம்.

நேரம் எங்கே போனது

மகளின் 465 நிமிடத்தை இப்படிப் பிரித்தேன். வரிசையில் நின்றது 205 நிமிடம், நடந்ததும் ஒருவரை ஒருவர் தேடியதும் 95, சாப்பாடு 70, அடுத்து எங்கே போவது என்று நின்று பேசியது 45, கழிப்பறை, லாக்கர், துணி மாற்றியது எல்லாம் சேர்த்து 31, ரைடு 19.

வரிசையைத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது வேறு இரண்டு எண்கள் உறுத்தின. நடந்ததும் தேடியதும், நின்று பேசியதும் சேர்ந்து 140 நிமிடம். வரிசை பூங்காவின் கையில் இருக்கிறது. இந்த 140 நிமிடத்தில் பெரும்பகுதி எங்கள் கையில் இருந்தது. அடுத்து எங்கே, யார் எங்கே என்ற இரண்டு கேள்விக்கும் முதல் நாள் இரவே பதில் சொல்லியிருக்கலாம்.

வரிசை விஷயத்திலும் ஒன்று கற்றுக்கொண்டேன். முதல் நாள் நாங்கள் வரிசையின் நீளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். அது தப்பு. வரிசை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வரிசைகளுக்கு ஓர் எளிய விதி உண்டு. ஜான் லிட்டில் என்ற பேராசிரியர் 1961-ல் அதற்குக் கணித நிரூபணம் தந்தார், அதனால் லிட்டில் விதி என்பார்கள். நமக்கு வேண்டிய அளவில் அது இவ்வளவுதான்: முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையை, ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதால் வகுத்தால், காத்திருக்க வேண்டிய நேரம் வந்துவிடும். 24 பேர் ஏறும் கோஸ்டர் வண்டி இரண்டு நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால், மணிக்கு 720 பேர். முன்னால் 360 பேர் நின்றால் அரை மணி நேரம். ஜயன்ட் வீலில் 16 பெட்டி, பெட்டிக்கு நாலு பேர், ஏற்றி இறக்கிச் சுற்றி முடிக்கப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 384 பேர்தான். அங்கே 192 பேர் நின்றாலே அரை மணி ஆகிவிடும். வரிசை பாதி நீளம், காத்திருப்பு அதே அளவு.

ஜயன்ட் வீல் மெதுவாகத்தான் நகரும் என்பதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பெரும்பாலும் நின்று நின்றுதான் ஆட்களை ஏற்ற முடியும். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் நிறுத்திய முதல் பெரிய சக்கரம் சுமார் 80 மீட்டர் உயரம். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர், ஒரே நேரத்தில் 2,160 பேர் ஏறலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் நிறுத்தினால் தாங்காது என்று ஒரே நிறுத்தத்தில் பல பெட்டிகளை ஏற்றி, ஆறு நிறுத்தத்தில் வேலையை முடித்தார்கள். அதற்கப்புறம் ஒரு சுற்று நிற்காமல் போகும். கூட்டத்தை எப்படி நகர்த்துவது என்ற கவலை அன்றே இருந்திருக்கிறது.

காத்திருப்பது ஏன் அவ்வளவு கசந்தது என்பதற்கும் விளக்கம் உண்டு. வரிசையில் காத்திருப்பதன் உளவியலைப் பற்றி டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை அறிஞர் 1985-ல் எழுதியதில் சில வரிகள் எங்கள் அன்றைய நாளை அப்படியே சொல்கின்றன. கை வேலையில்லாமல் நிற்கும் நேரம் நீளமாகத் தோன்றும். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பும் அப்படியே. நாலரை வயதுக் குழந்தைக்கு இந்த மூன்றும் ஒரே சமயத்தில் நடந்தன.

அம்மா சொன்னது

இந்தக் கணக்கையெல்லாம் நான் மகளை வைத்துத்தான் போட்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து, அடுத்த முறை போவதைப் பற்றி அக்காவும் நானும் பேசிக்கொண்டிருந்தபோது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க போய்ட்டு வாங்க, நான் வரல" என்றார். கால் வலிக்குமே என்றுதான் சொல்கிறார் என்று நினைத்து, உட்கார இடம் இருக்கும், நடக்க வேண்டாம், சக்கர நாற்காலி கிடைக்கும் என்றெல்லாம் அடுக்கினோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பையைப் பார்த்துக்கிறதுக்கு நான் எதுக்கும்மா அவ்வளவு தூரம் வரணும்?" என்று கேட்டார்.

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அன்று எடுத்த எந்த ரைடு படத்திலும் அம்மா இல்லை. இருந்த நாலு படத்திலும் பைகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒன்றில் நாலு தண்ணீர் பாட்டில் மடியில். அவருடைய நாளையும் தாளில் எழுதினால், ஏறத்தாழ ஐந்து மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். மகளின் 19 நிமிடத்துக்காக வருத்தப்பட்ட நான் இதைக் கவனிக்கவே இல்லை.

திட்டம் முழுக்க அந்தக் கேள்வியிலிருந்துதான் மாறியது. ரைடுகளின் பட்டியலைக் கையில் எடுக்கும் முன், ஆட்களின் பட்டியலை எடுத்தோம்.

இரண்டாம் முறைக்கான தயாரிப்பு

முதலில் உயரம். குழந்தைகள் இருவரையும் காலணியோடு சுவரில் நிறுத்தி அளந்தோம். சின்னவன் எட்டு மாதத்தில் நாலு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான், 106. இன்னும் ஒரு சென்டிமீட்டர் குறைவு. அன்றைக்கே அவனிடம் சொல்லிவிட்டோம். உயர வரம்பு தைரியத்துக்கான பரீட்சை இல்லை, பாதுகாப்புக் கம்பி உன் தொடையையும் இடுப்பையும் சரியாகப் பிடிக்கிற அளவுக்கு நீ இன்னும் வளரவில்லை, கம்பிக்கும் உனக்கும் நடுவில் இடம் இருந்தால் நீ நழுவலாம் என்று ஒரு பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டினார் கணவர். சில பெற்றோர் காலணிக்குள் எதையாவது வைத்து உயரத்தைக் கூட்டிவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கம்பி பிடிக்க வேண்டியது உடம்பை, காலணியை அல்ல.

அப்புறம் உடல்நிலை. இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கழுத்து, முதுகுப் பிரச்சினை, கர்ப்பம், அண்மையில் அறுவை சிகிச்சை என்று ஒவ்வொரு ரைடுக்கும் பூங்காவின் தளத்தில் தனித்தனியாக எச்சரிக்கை இருந்தது. அம்மா, அக்கா இருவரின் மருத்துவர்களிடமும் முன்பே கேட்டுக்கொண்டோம். அம்மாவுக்கு ஜயன்ட் வீல், சிறுவர் ரயில், படகு, குதிரை ராட்டினத்தில் அசையாத இருக்கை என்று நாலு தேறின. நாங்கள் நினைத்ததைவிட நாலு அதிகம்.

மூன்றாவது, குழு பிரிப்பது. அத்தானும் அவர் மகனும் பெரிய ரைடுகளுக்கு. மகள், கணவர் நடுத்தரத்துக்கு. நான், அக்கா, அம்மா, சின்னவன் ஒரு குழு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஒரே மரத்தடியில் கூட வேண்டும், கூடும்போது ஆட்கள் மாறிக்கொள்வார்கள். கைபேசியை நம்பாமல் கடிகாரத்தை நம்பினோம். பை எல்லாம் லாக்கரில். யாரும் பைக்குக் காவல் இல்லை என்பதை ஒரு விதியாகவே வைத்தோம்.

ஆளுக்கு ஒரே ஒரு ரைடு "கண்டிப்பாக" என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என்றும் சொன்னோம். எட்டுப் பேருக்கு எட்டு. அது நடந்தால் போதும், மற்றதெல்லாம் கிடைத்தால் லாபம். அம்மாவும் எழுதினார்: ஜயன்ட் வீல்.

சில சின்ன ஏற்பாடுகளும் உண்டு. சின்னவன் கை மணிக்கட்டில் பேனாவால் எங்கள் எண்ணை எழுதி மேலே ஒளிபுகும் டேப் ஒட்டினோம். தொலைந்துபோனால் ஓடாமல் அங்கேயே நிற்க வேண்டும், சீருடை போட்டவரிடமோ குழந்தையோடு இருக்கும் ஒரு அம்மாவிடமோ சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே இரண்டு முறை நடித்துப் பார்த்தோம். கிளம்பும்போது குழந்தைகளை ஒரு படம் எடுத்தோம், என்ன உடை என்று யாராவது கேட்டால் யோசிக்க வேண்டாம். கோ கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டியை ஓட்ட ஆசைப்பட்ட மகளுக்குக் கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டு, தொங்குகிற துணி எதுவும் இல்லாத உடை போட்டுவிட்டேன். வண்டியின் சுழலும் அச்சில் கூந்தலோ துணியோ சிக்கினால் விளைவு மிகக் கொடியது. இதில் எந்தச் சமாதானமும் வேண்டாம்.

சன்ஸ்கிரீனை வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்பே தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீர் ரைடுக்குப் பிறகும் மறுபடி தடவ வேண்டும் என்று அக்கா தன் கைபேசியில் அலாரம் வைத்துக்கொண்டாள்.

விரைவு வரிசைக்குத் தனி டிக்கெட் வாங்கலாமா என்ற பேச்சும் வந்தது. டிஸ்னி பூங்காக்கள் 1999-ல் நேரம் குறித்த சீட்டுமுறையைத் தொடங்கிய பிறகு இது பல வடிவங்களில் பரவியிருக்கிறது. நாங்கள் வாங்கவில்லை. எங்கள் பூங்காவில் அது செல்லுபடியாகும் ரைடுகளில் எட்டுப் பேரில் மூன்று பேர்தான் ஏற முடியும். எல்லாரும் பெரிய ரைடு ஏறுகிற வயது என்றால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

பயத்தைப் பற்றி

மகள் எழுதிக்கொடுத்தது நடுத்தர ரோலர் கோஸ்டர். எழுதிக் கொடுத்துவிட்டு அன்றிரவே வந்து, "அம்மா, அது தண்டவாளத்தை விட்டு மேலே போயிடாதா?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது என்று சொல்லி முடித்திருக்கலாம். அக்கா மகன் அப்படிச் செய்யவில்லை. ஒரு தாளில் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் வரைந்து காட்டினான். மேலே உருளும் சக்கரம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தண்டவாளத்துக்கு அடியில் ஒன்று. மூன்றும் சேர்ந்து தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். அந்த அடிச்சக்கரத்துக்கு 1919-ல் காப்புரிமை பெற்றவர் ஜான் மில்லர். அதற்கப்புறம்தான் கோஸ்டர்களைச் செங்குத்தாகவும் வேகமாகவும் கட்ட முடிந்தது.

சங்கிலி மேலே இழுக்கும்போது கேட்கும் "டக் டக் டக்" சத்தம்தான் அவளுக்கு அதிகப் பயம். அது என்ன என்றும் அவனே சொன்னான். வண்டியின் அடியில் உள்ள ஒரு கொக்கி, பற்கள் வைத்த பட்டையில் ஒவ்வொரு பல்லாக விழுகிற சத்தம். சங்கிலியே அறுந்தாலும் வண்டி பின்னால் சரியாமல் அந்தக் கொக்கி பிடித்துக்கொள்ளும். "அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் உன்னை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டே இருக்காங்கன்னு நெனச்சுக்கோ" என்றான். பதினாலு வயதுப் பையன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

பயப்படுகிற குழந்தையை இழுத்துக்கொண்டுபோய் ஏற்றுவதை நான் பூங்காவில் நிறையப் பார்த்தேன். ஏறினால் பயம் போய்விடும் என்பார்கள். சிலருக்குப் போகும். சிலருக்கு ஆயுளுக்கும் தங்கிவிடும். மகளிடம், வரிசையின் கடைசி அடி வரைக்கும் "வேண்டாம்" என்று சொல்லலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தோம்.

இரண்டாம் நாள்

வார நாள், விடுமுறை இல்லாத காலம். குழந்தைகளின் பள்ளியில் இரண்டு நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தோம். 9.40-க்கே வாசலில் நின்றோம், பத்து மணிக்கு உள்ளே. வண்டி நிறுத்திய இடத்தை எண்ணோடு படம் எடுத்துக்கொண்டோம்.

முதல் ஒன்றரை மணி நேரம் தங்கம். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரைடுகளில் கூட்டம் விழும் என்று தெரிந்ததால், நேரே பின்கோடிக்கு நடந்தோம். 11.30-க்கு மரத்தடியில் கூடும்போது மகள் ஐந்து ரைடு முடித்திருந்தாள். அவளுடைய கோஸ்டரும் அதில் அடக்கம். "சத்தம் நின்னதும் வயித்துக்குள்ள என்னமோ ஆச்சு, ஆனா நல்லா இருந்துச்சு" என்றாள்.

சுழலும் ரைடுகளை எல்லாம் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டோம். உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு சுற்றுகிறோம் என்கிறது. எதிரில் இருக்கும் கோப்பையின் விளிம்பைப் பார்க்கும் கண்ணோ அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இது அதிகம். வயிறு நிறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். தலைசுற்றினால் கோப்பைக்கு வெளியே தூரத்தில் ஒன்றைப் பார் என்று மகளிடம் சொல்லியிருந்தோம். வாந்திக்கு மாத்திரை உண்டு, ஆனால் அதை முன்கூட்டியே போட வேண்டும், பல மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

சாப்பாடு 11.40-க்கு. மேசைகள் காலியாக இருந்தன. பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை, வெயில் உச்சத்தில், நிழல்: ஒரு உள்ளரங்கக் காட்சி, அப்புறம் மரத்தடி. பிள்ளைகள் ஆரம்பத்தில் முரண்டு பிடித்தார்கள். ஆனால் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் பிடிப்பு என்று வெயில் அசதி உடம்பில் காட்டத் தொடங்கிய பிறகு ஓய்வு எடுத்தால் அன்றைய நாள் முடிந்தது என்று பொருள். ஒருவர் குழப்பமாகப் பேசினால், நினைவு தடுமாறினால், அது வெப்ப வாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். உடனே குளிர்வித்துக்கொண்டே மருத்துவ உதவி கேட்க வேண்டும்.

சின்னவன் தன் கோஸ்டர் கம்பத்தின் அருகே தானாகப் போய் நின்றான். பணியாளர் குனிந்து பார்த்து ஒரு விரலைக் காட்டினார். அவனும் ஒரு விரலைக் காட்டிவிட்டு, அழாமல் திரும்பி வந்து சிறுவர் ரயில் எங்கே என்று கேட்டான். அம்மா அவனோடு மூன்று முறை ஏறினார்.

எல்லாம் சரியாக நடக்கவில்லை. அத்தானும் அவர் மகனும் பெரிய கோஸ்டருக்கு 35 நிமிடம் நின்ற பிறகு, காற்று அதிகம் என்று அதை நிறுத்திவிட்டார்கள். அவன் எழுதிக்கொடுத்த ஒரே ரைடு அதுதான். மாற்று ஒன்றை யோசித்து வைக்கவில்லை. மதிய ஓய்விலும் அவனுக்குச் சலிப்புத்தான். ஐந்து வயதுக்கும் 67 வயதுக்கும் பார்த்துப் பார்த்துச் செய்த திட்டத்தில் 14 வயதுக்கு இடம் குறைவாகவே இருந்தது.

ஜயன்ட் வீலைக் கடைசிக்கு வைத்திருந்தோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. உளவியலாளர் டேனியல் கானமனும் அவரோடு இருந்தவர்களும் 1993-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், 14 டிகிரி குளிர்நீரில் கையை 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, கூடவே நீரை மெல்ல ஒரு டிகிரி சூடாக்கியபடி இன்னும் 30 விநாடி. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் முழுவதுமே அவ்வளவு வலிக்காததாக நினைவில் நின்றிருக்கிறது. எங்கள் முதல் நாளின் முடிவு இருட்டில் வண்டி தேடியது. இந்த முறை, களைப்பு வரும் முன்பே, நாலு மணிக்கு எட்டுப் பேரும் இரண்டு பெட்டிகளில் ஏறினோம். அம்மா சின்னவனின் கையைப் பிடித்திருந்தாரா, அவன் அவர் கையைப் பிடித்திருந்தானா என்று தெரியாத அளவுக்கு இருவரும் இறுக்கிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் பெட்டி நின்றபோது, "இவ்வளவு பெரிய இடமா இது?" என்று அம்மா கேட்டார். முதல் முறை அவர் பார்த்தது ஒரு பெஞ்சையும் அதற்கு எதிரில் ஒரு சுவரையும்தான்.

இரண்டு தாள்கள்

4.30-க்கு வெளியே வந்தோம். மகளின் கணக்கில் 390 நிமிடம்: வரிசை 118, உட்கார்ந்து ஓய்வு 80, நடந்தது 62, சாப்பாடு 48, கழிப்பறையும் லாக்கரும் துணி மாற்றியதும் 36, ரைடு 34, நின்று பேசியது 12. முதல் முறை ஆறு ரைடு, இந்த முறை பதினொன்று. முதல் முறையைவிட ஒன்றேகால் மணி நேரம் குறைவாகவே உள்ளே இருந்தோம்.

இதை முழுக்கத் திட்டத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. வார நாள் என்பதால் கூட்டமே குறைவு. வரிசை நேரம் குறைந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நின்று பேசியது 45-லிருந்து 12 ஆனதற்கும், தேடலும் நடையும் 95-லிருந்து 62 ஆனதற்கும் காரணம் கூட்டம் இல்லை. விடுமுறையில் மட்டுமே போக முடிகிறவர்களுக்கும் இந்த இரண்டும் கிடைக்கும். அதுபோலவே சீக்கிரம் நுழைவதும்.

34 நிமிடம் என்பதும் பெரிய எண் இல்லைதான். இரண்டாவது தாளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த 80 நிமிடத்தை. முதல் தாளில் ஓய்வு என்று ஒரு வரியே கிடையாது. அந்த 80 நிமிடத்தில்தான் மகள் தன் பாட்டியின் மடியில் படுத்து, கோஸ்டரில் என்ன ஆனது என்று மூன்று தடவை சொன்னாள்.

அக்கா மகனிடம் அடுத்த முறை உன் திட்டத்தை நீயே போடு என்று சொல்லியிருக்கிறோம். கண்டிப்பாக வேண்டும் என்பதற்கு இரண்டு பெயர் எழுதலாம், மதிய ஓய்வில் அத்தானோடு அவன் விருப்பப்படி சுற்றலாம். அம்மா இந்த முறை யாரும் கேட்காமலேயே, "மறுபடி எப்போ?" என்றார். சின்னவன் வீட்டுச் சுவரில் 107-க்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லி, குளித்துவிட்டு வரும்போதெல்லாம் அதன் கீழே போய் நின்றுகொள்கிறான்.